முதல் மூன்று ஸ்டார் வார்ஸ் படங்கள் ஏன் இன்னும் சலிக்கவில்லை?

வானோடி கேட்டது:

ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த முதல் மூன்று படங்களைப் பற்றி மட்டும் இங்கே கேட்க விரும்புகிறேன். பின்னால் வந்த முன்கதைப் படங்களையும் தொடர்ச்சிப் படங்களையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம்.

முதல் படம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. அன்று பார்வையாளர்களை வாய்பிளக்க வைத்த விண்வெளிக் காட்சிகளைவிடத் துல்லியமானவற்றை இன்று சாதாரணக் கணினி விளையாட்டிலேயே காண முடிகிறது. கதையும் சிக்கலானதன்று. ஒரு பண்ணைச் சிறுவன் (லூக்), ஒரு முதிய ஆசான் (ஓபி-வான்), சிறைப்பட்ட இளவரசி (லேயா), கறுப்பு உடை தரித்த வில்லன் (டார்த் வேடர்), அழிக்கப்பட வேண்டிய ஒரு விண்வெளிக் கோட்டை (டெத் ஸ்டார்), இவ்வளவுதான். அப்படியிருந்தும், இப்படங்கள் வெளியானபோது பிறந்தே இராத தலைமுறையினர் இவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள்; பார்த்தபின் மறுபடியும் பார்க்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட தமது நூலில் புராணங்களுக்குப் பொதுவானதாக விவரித்த நாயகப் பயண அமைப்பை லூகாஸ் பின்பற்றினார் என்பது. இந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அதே அமைப்பை அச்சுப் பிசகாமல் பின்பற்றிய எத்தனையோ படங்கள் வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிட்டன. ஆகவே திரைக்கலையின் நுட்பங்களை அறிந்தவர்கள், இப்படங்களில் உண்மையிலேயே எது வேலை செய்கிறது என்று விளக்கினால் மகிழ்வேன்.

படச்சுருள் எழுதியது:

கேம்பலைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அந்த அமைப்பு கதைக்கு ஒரு தடத்தைத் தந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. கதை நிகழும் உலகம் எப்படிக் காட்டப்பட்டது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் படத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கப்பல் ஒன்று தப்பி ஓடுகிறது. அதைத் துரத்தும் பேரரசின் போர்க்கப்பல் நம் தலைக்கு மேலாக நுழைந்து, முடிவே இல்லாததுபோல் நீண்டுகொண்டே போகிறது. யார் வலியவர், யார் எளியவர் என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. அந்தப் போர்க்கப்பலின் மாதிரி மூன்றடி நீளம்தான் இருந்தது; அது துரத்திய ‘சிறிய’ கப்பலின் மாதிரி அதைவிடப் பெரியது என்பதை அறிந்தால், அளவு என்னும் பிரமையை அவர்கள் எவ்வளவு கணக்காகக் கட்டினார்கள் என்பது விளங்கும். இதற்காகவே லூகாஸ் 1975இல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு அங்கே மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு கேமரா அமைப்பை உருவாக்கியது. மாதிரிக் கப்பல் அசையாமல் நிற்க, கேமரா அதைச் சுற்றிப் பாயும். ஒருமுறை பாய்ந்த பாதையிலேயே மறுபடியும் இம்மி பிசகாமல் பாயவும் செய்யும். ஆகவே தனித்தனியே எடுத்த பல கப்பல்களை ஒரே சட்டகத்தில் இணைக்க முடிந்தது. போர்க்காட்சிகளுக்கு வழிகாட்டியாக லூகாஸ் பயன்படுத்தியவை, இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைகளைக் காட்டும் பழைய படத்துண்டுகள். காற்றே இல்லாத வெளியில் ஒரு கலம் விமானத்தைப்போலச் சாய்ந்து திரும்புவது இயற்பியலுக்குப் பொருந்தாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. கண்ணுக்கு ஏற்கெனவே பழகிய அசைவு அது என்பதால்தான் நாம் அதை நம்புகிறோம்.

அடுத்தது அந்த உலகத்தின் அழுக்கு. அதற்கு முன் வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் எல்லாமே நேற்றுத் துடைத்து வைத்ததுபோல் பளபளக்கும். இங்கே ரோபோக்களின் மேல் கீறல்கள் இருக்கின்றன. லூக்கின் வாகனம் பழையது. லூக்குடன் சேரும் கடத்தல்காரன் ஹான் சோலோவின் மில்லேனியம் ஃபால்கன் சரியான நேரத்தில் கைவிடும் கப்பல். அரங்கப் பொருள்களைத் தயாரித்த ரோஜர் கிறிஸ்டியன் பழைய விமான உதிரிப்பாகங்களை வாங்கிவந்து அரங்குகளில் பொருத்தினார். லூக்கின் ஒளிவாளுக்குக் கைப்பிடியாக அமைந்தது பழைய கேமரா ஒன்றின் ஃபிளாஷ் பிடி. கப்பல் மாதிரிகளின் மேற்பரப்பிலும் கடைகளில் விற்கும் பீரங்கி, விமானப் பொம்மைகளின் பாகங்களையே ஒட்டினார்கள். பாலைவனக் கோளுக்குத் துனிசியாவும், கலகக்காரர்களின் தளத்துக்குக் குவாத்தமாலாவின் டிக்கால் கோவில்களும், இரண்டாம் படத்தின் பனிக்கோளுக்கு நார்வேயின் ஃபின்ஸும் களங்களாயின. கை பட்டு, வெயில் பட்டு, தூசி படிந்த பொருள்களுக்கு வயதாவதில்லை. அவை தொடக்கத்திலேயே வயதானவை.

மூன்றாவதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முதல் படம் எதையும் விளக்குவதில்லை. குளோன் போர்கள் என்று ஓபி-வான் சொல்கிறார். அவை எப்போது, யாருக்கும் யாருக்கும் இடையே நடந்தன என்று சொல்வதில்லை. பேரரசர் ஆலோசனை மன்றத்தைக் கலைத்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. பேரரசர் முதல் படத்தில் தோன்றுவதே இல்லை. ஹான் சோலோ கடன்பட்டிருக்கும் ஜப்பாவின் உருவத்தைப் பார்க்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொல்லப்போனால், நாயகனே திரையில் தோன்றுவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை இரண்டு ரோபோக்களின் பின்னால்தான் நாம் போகிறோம். பெரிய மனிதர்களின் போரைச் சாமானியர் இருவரின் கண்வழியே சொல்லும் இந்த உத்தியை அகிரா குரோசாவாவின் 1958ஆம் ஆண்டுப் படமான ‘தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்’ படத்திலிருந்து எடுத்துக்கொண்டதாக லூகாஸே கூறியிருக்கிறார். ஒரு நீண்ட வரலாற்றின் நடுவில் நம்மை இறக்கிவிட்டு, சுற்றியிருப்பதை நாமே புரிந்துகொள்வோம் என்று அந்தப் படம் நம்புகிறது. பார்வையாளரின் கற்பனைக்கு இடம் வைத்த கதைக்கே அவர் திரும்பத் திரும்ப வருவார்.

செவிச்செல்வம் எழுதியது:

படச்சுருள் அவர்கள் சொன்ன அனைத்தும் கண்ணைப் பற்றியவை. இப்படங்களின் பாதி உயிர் காதில் இருக்கிறது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். பொதுவாக இதற்கு உரிய மதிப்பு தரப்படுவதில்லை.

அறிவியல் புனைவுப் படம் என்றால் மின்னணுக் கருவியில் எழுப்பிய விநோத ஒலிகள் என்றிருந்த காலத்தில், ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஒளிவாளின் முரலல், பழைய படம் காட்டும் கருவியின் மோட்டார் ஒலியும் தொலைக்காட்சிக் குழாயின் இரைச்சலும் கலந்து பிறந்தது. வாளை வீசும்போது எழும் மாற்றத்துக்கு அவர் செய்தது இன்னும் எளிய காரியம்: அந்த முரலலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் ஒலிவாங்கியை வீசிப் பதிவு செய்தார். பேரரசின் சிறு போர்க்கலங்கள் பாயும்போது கேட்கும் அலறலில் யானையின் பிளிறல் இருக்கிறது. துப்பாக்கிச் சூட்டில், கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பியைத் தட்டிய ஓசை இருக்கிறது. ஹான் சோலோவின் கூட்டாளியான, உடலெங்கும் ரோமம் அடர்ந்த செவ்பக்காவின் குரலில் கரடி இருக்கிறது. டார்த் வேடரின் மூச்சு, நீரில் மூழ்குவோர் அணியும் சுவாசக் கருவியினூடே பதிவானது. முகமூடி அணிந்த, முகபாவமே காட்ட முடியாத ஒரு பாத்திரம் நம்மை அச்சுறுத்துவது அந்த மூச்சாலும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலாலும்தான். இவையெல்லாம் நாம் எங்கோ கேட்ட, ஆனால் இன்னதென்று சொல்ல முடியாத ஒலிகள். காட்சி எவ்வளவு அந்நியமாக இருந்தாலும் காது அதை ஒப்புக்கொண்டுவிடுகிறது.

ஜான் வில்லியம்ஸின் இசையும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்துக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைநாடகங்களை நினைவூட்டும் முறையில், பாத்திரத்துக்கொரு மெட்டு அமைத்தார். வேற்றுலகக் காட்சிகளுக்கு நடுவே பழகிய உணர்ச்சிகளைத் தரும் இசை வேண்டும் என்பதே நோக்கம். இரட்டைச் சூரியன்கள் மறையும் காட்சியில் லூக் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தொடுவானைப் பார்த்து நிற்கிறான், கொம்பு வாத்தியம் ஒன்று அவன் ஏக்கத்தைச் சொல்லி முடிக்கிறது. அந்தக் காட்சிக்கு வசனம் எழுதியிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டார்த் வேடர் என்றதும் எல்லாருடைய நினைவிலும் ஒலிக்கும் அந்தக் கனத்த அணிவகுப்பு இசை 1977ஆம் ஆண்டுப் படத்தில் கிடையாது. 1980இல்தான் முதன்முதலாக வருகிறது. பித்தளைக் கருவிகளின் முழக்கமாக இரண்டாம் படமெங்கும் அதிர்ந்த அதே மெட்டு, மூன்றாம் படத்தில் வேடர் உயிர் விடும்போது மெல்லத் தேய்ந்து, யாழின் நரம்புகளில் தனித்தனிச் சுரங்களாக உதிர்ந்து முடிகிறது. ஒரு மனிதன் யாராக இருந்தான், யாராக இறந்தான் என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. இசை இலக்கணம் அறியாதவருக்கும் அது எட்டுகிறது.

மாற்றுக்கருத்து எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். உரையாடல் முழுவதும் கலையைப் பற்றியே போகிறது, காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தொடர்ச்சிப் படங்களின் உரிமையையும் வணிகப் பொருள்களின் உரிமையையும் லூகாஸ் தம் கையில் வைத்துக்கொண்டார். அந்நாளில் படநிறுவனங்கள் பெரிதாக மதிக்காத உரிமைகள் அவை. 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியாத கென்னர் நிறுவனம், பொம்மைகள் பின்னர் வந்து சேரும் என்று உறுதி கூறும் சான்றிதழை அட்டை உறைக்குள் வைத்து விற்றது. மக்கள் அதையும் வாங்கினார்கள். அதன் பிறகு மறுவெளியீடுகள், நாவல்கள், கணினி விளையாட்டுகள், 1997இல் மெருகூட்டிய பதிப்புகள், 1999இல் புதிய வரிசை என்று ஒரு தலைமுறையும் இதை மறந்துவிட வாய்ப்பே தரப்படவில்லை. 2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கியது ஒரு பழைய படத்தின் அழகில் மயங்கியா? இடைவிடாமல் நீரூற்றப்படும் செடி வாடாமல் இருப்பதை அதன் இயல்பான வலிமை என்று கொண்டாடுவது எவ்வளவு சரி?

படங்களின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வசனங்கள் பல இடங்களில் விறைப்பானவை. முதல் படத்தில் இளவரசி லேயாவையும் லூக்கை வளர்த்த பெரூவையும் விட்டால் பெண்கள் அநேகமாக இல்லை; அப்படி ஒரு பேரண்டம். மூன்றாம் படத்தில் அதே டெத் ஸ்டாரை மறுபடி கட்டி மறுபடி அழிக்கிறார்கள், கரடிக்குட்டி போன்ற ஈவாக்குகள் கல்லாலும் மரத்தாலும் ஒரு பேரரசின் படையை முறியடிக்கிறார்கள். இவற்றையெல்லாம் நினைவேக்கம் என்ற திரை மறைக்கிறது.

கதைசொல்லி எழுதியது:

மாற்றுக்கருத்து அவர்கள் சொன்ன குறைகளில் பலவற்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஈவாக்குகளுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் வணிகம் மட்டுமே காரணம் என்றால், அதே அளவு பணத்தையும் பொம்மைகளையும் கொட்டி வெளியான பிற படங்களும் இன்று நிலைத்திருக்க வேண்டும். விற்பனை ஒரு படத்தைப் பார்க்க வைக்கும். பத்தாவது முறை பார்க்க வைக்காது. தவிர, 1977இல் ஏறத்தாழ 1.1 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் மீது அதை வெளியிட்ட நிறுவனத்துக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. தொடக்கத்தில் நாற்பதுக்கும் குறைவான திரையரங்குகளில்தான் வந்தது. நீரூற்றும் ஏற்பாடெல்லாம் செடி முளைத்த பிறகு வந்தவை.

என்னைக் கேட்டால், இந்த வரிசை நிலைத்ததற்கு மூலகாரணம் 1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’. வெற்றி பெற்ற படத்தின் தொடர்ச்சியை எடுப்பவர்கள் அதே விருந்தை இன்னும் பெரிதாகப் பரிமாறுவதே வழக்கம். இயக்குநர் இர்வின் கெர்ஷ்னரும், லீ பிராக்கெட்டின் முதல் வரைவுக்குப் பிறகு திரைக்கதையில் பணியாற்றிய லாரன்ஸ் காஸ்டனும் லூகாஸுடன் சேர்ந்து எதிர்த்திசையில் சென்றார்கள். பெரிய போர் படத்தின் தொடக்கத்திலேயே நடந்து, நல்லவர்கள் தோற்று ஓடுகிறார்கள். ஹான் சோலோ உறைய வைக்கப்பட்டு எடுத்துச்செல்லப்படுகிறான். பயிற்சியைப் பாதியில் விட்டு வந்த லூக், வாளையும் கையையும் ஒருசேர இழக்கிறான். அதற்கு மேல், தானே அவனுடைய தந்தை என்று டார்த் வேடர் அவனிடம் சொல்கிறார். படப்பிடிப்பில் வேடரின் உடையணிந்து நடித்த டேவிட் பிரவுஸுக்கு வேறொரு பொய் வசனம் கொடுக்கப்பட்டது, மார்க் ஹாமிலுக்குக் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்புதான் உண்மை சொல்லப்பட்டது என்பதெல்லாம் ரசிகர்களுக்குத் தெரிந்த செய்திகள். அந்த ஒரு வாக்கியம் கதையின் வினாவையே மாற்றிவிட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வில்லனை எப்படி வீழ்த்துவது என்றிருந்த கதை, அவனை எப்படி மீட்பது, மீட்க முடியாவிட்டால் மகனும் அவனைப்போல் ஆகிவிடுவானா என்று மாறுகிறது. முதல் படத்தைப் பார்த்துக் கைதட்டிய சிறுவன், வளர்ந்தபின் அதே படத்துக்குத் திரும்பும்போது, ஓபி-வான் லூக்கிடம் தந்தையைப் பற்றிப் பேசுமுன் ஒரு கணம் தயங்குவதைக் கவனிக்கிறான். அந்தத் தயக்கம் திட்டமிடப்பட்டதா என்று விவாதிக்கலாம். பின்னால் வந்த படம் முன்னால் வந்த படத்துக்குப் பொருள் ஏற்றியது என்பதே எனக்குப் போதும்.

இந்த இடத்தில், லூக்குக்குப் பயிற்சி தரும் யோடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் உருவாக்கி, ஃபிராங்க் ஓஸ் இயக்கிக் குரல் கொடுத்த அந்தப் பொம்மையின் மீதே இரண்டாம் படத்தின் தத்துவப் பகுதி முழுவதும் நிற்கிறது. பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்திருந்தால் படமே கவிழ்ந்திருக்கும். பொம்மை முதலில் கோமாளித்தனம் செய்து நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, பிறகுதான் ஆசானாகிறது. நம் ஏளனத்தை முன்கூட்டியே செலவழிக்க வைக்கும் சாமர்த்தியம் அது.

மூன்றாம் படம் பலவீனமானதுதான். ஆனால் அதன் கடைசிப் பகுதியில், லூக் வெறியோடு தாக்கித் தந்தையின் கையை வெட்டி வீழ்த்துகிறான். வெட்டுப்பட்ட இடத்தில் தெரிவது இயந்திரம். அவன் அதைப் பார்க்கிறான், பிறகு கறுப்புக் கையுறைக்குள் இருக்கும் தன் இயந்திரக் கையைப் பார்க்கிறான், வாளைத் தூக்கி எறிகிறான். மூன்று படங்களாகச் சண்டையைக் காட்டிய தொடர், ஆயுதத்தைக் கீழே போடுவதையே நாயகனின் வெற்றியாக வைக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பலவீனங்களை நான் பொறுத்துக்கொள்வது இதற்காகவே.

வானோடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. விளக்காமல் விடுவது பற்றிப் படச்சுருள் சொன்னதும், கடைசிக் காட்சியைப் பற்றிக் கதைசொல்லி சொன்னதும் ஒரே திசையில் போவதாகத் தோன்றுகிறது. இதைப் படித்தபின், இதுவரை பார்த்திராத ஒருவருக்கு இப்படங்களைக் காட்ட எண்ணுகிறேன். எந்தப் பதிப்பை, எந்த வரிசையில் காட்டுவது?

படச்சுருள் எழுதியது:

வெளியான வரிசையிலேயே காட்டுங்கள். முதல் படத்துக்கு நான்காம் அத்தியாயம் என்ற எண் 1981 மறுவெளியீட்டின்போதுதான் படத்தின் தொடக்க எழுத்துகளில் சேர்ந்தது. எண் வரிசைப்படி முன்கதைப் படங்களிலிருந்து தொடங்கினால், வேடர் யார் என்பது முன்பே தெரிந்துவிடும்; 1980ஆம் ஆண்டுப் படத்தின் முதுகெலும்பு முறிந்துபோகும்.

பதிப்புதான் சிக்கல். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1989இல் முதல் தொகுதியாகச் சேர்க்கப்பட்ட 25 படங்களில் ஸ்டார் வார்ஸும் ஒன்று. இருந்தும், திரையரங்கில் வந்த வடிவம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. 1997இல் லூகாஸ் கணினி உருவங்களைச் சேர்த்தார். வெட்டியெறிந்த ஜப்பா காட்சியைத் திரும்பக் கொண்டுவந்தார். மதுக்கூடத்தில் முதலில் சுட்ட ஹான் சோலோவை, எதிரி சுட்டபின் சுடுபவனாக மாற்றி, அந்தப் பாத்திரத்தின் கூர்மையை மழுக்கினார். 2004 டிவிடியில், மூன்றாம் படத்தின் முடிவில் வேடரின் ஆவியாகத் தோன்றும் செபாஸ்டியன் ஷாவின் முகத்துக்குப் பதில் முன்கதைப் படங்களின் நடிகர் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார். 2011 புளூ-ரேயில் செய்த மாற்றத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பேரரசரின் மின்னலில் மகன் துடிக்கும்போது, வேடரின் முகமூடி மகனையும் பேரரசரையும் மாறி மாறிப் பார்க்கும். 1983இல் அங்கே வேடர் வாய் திறப்பதில்லை. அசையாத ஒரு முகமூடிக்குள் நடக்கும் போராட்டத்தை நாமே உணர்ந்துகொண்டோம். 2011இல் அவரை வேண்டாம், வேண்டாம் என்று கத்த வைத்துவிட்டார்கள்.

2006இல் வெளியான டிவிடி தொகுப்பில் திரையரங்கு வடிவங்கள் கூடுதல் வட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தன. படத்தெளிவு இன்றைய அளவுகோலுக்குக் குறைவுதான். பழைய லேசர் வட்டுக்கான மூலத்திலிருந்து எடுத்தவை அவை. எங்காவது இரவல் கிடைத்தால் அதையே காட்டுங்கள். கிடைக்காவிட்டால் இணையச் சேவைகளில் இருக்கும் பதிப்பைக் காட்டலாம். மதுக்கூடக் காட்சியிலும் பேரரசரின் அரியணை அறைக் காட்சியிலும் பழைய வடிவம் எப்படி இருந்தது என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.